நண்பரின் முதல் காட்டாற்றுப் பயணம்: எந்தக் கயாக்கில் ஏற்றுவது?

காட்டாற்றில் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் குறுகிய சிறு படகு) ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும்: நெருங்கிய நண்பரையும் இதில் இழுத்துவிட வேண்டும். அப்போது மூன்று வழிகள் இருக்கும். நாம் ஓட்டும் கெட்டி பிளாஸ்டிக் கயாக்கையே கொடுப்பது, காற்றடைத்த கயாக்கில் அனுப்புவது, இருவர் கயாக்கில் அவரை முன்னால் உட்கார வைத்து நாம் பின்னாலிருந்து ஓட்டுவது. என் ஓட்டு காற்றடைத்த கயாக்குக்குத்தான்.

கெட்டிக் கயாக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் முதலில் அதைத்தான் நினைக்கிறார்கள். பழையது ஒன்று சும்மா கிடக்கும், கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அது அலைகளில் வித்தை காட்டுவதற்கான குட்டைப் படகாக இருந்தால் வேண்டவே வேண்டாம். அதன் மெல்லிய ஓரம் கொஞ்சம் முங்கினாலே ஆற்றோட்டம் கவிழ்த்துவிடும். நண்பரின் எடைக்கு ஏற்ற, கொள்ளளவு அதிகமான படகே கிடைத்தாலும் எடியிலிருந்து வெளியேறும் இடம் புதியவருக்குச் சிக்கல்தான். பாறைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கிக் கிடக்கும் எடியைவிட்டுப் படகின் மூக்கு ஓட்டத்துக்குள் நுழைந்ததும், மேலிருந்து வரும் நீர் படகின் ஓரத்தைப் பிடித்து அமுக்கும். வளைவில் சைக்கிளைச் சாய்ப்பதுபோல, திரும்பும் பக்கமாகப் படகைச் சாய்க்க வேண்டும். பயத்தில் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும். அவ்வளவுதான், தலைகீழ்.

அடுத்த சில நொடிகள்தான் எனக்குக் கவலை. இடுப்பைச் சுற்றி ஸ்பிரே ஸ்கர்ட் (படகுக்குள் தண்ணீர் புகாமல் உட்காரும் வாயை மூடும் உறை) இறுகியிருக்கும், மூக்கில் தண்ணீர் ஏறும். அந்த நிலையில் முன்னால் குனிந்து, ஸ்கர்ட்டின் முன்முனையில் இருக்கும் பிடிவாரைத் தேடி, முன்னோக்கி இழுத்துக் கழற்றி, இடுப்பருகே கைகளை ஊன்றித் தள்ளி, கால்களை உருவிக்கொண்டு வெளியே வர வேண்டும். பழகியவருக்கு இது சாதாரணம். பழகாதவர் பின்பக்கமாக நிமிரப் பார்ப்பார். அப்போது முகம்தான் பாறைக்கு நேராக இருக்கும். பிடிவார் ஸ்கர்ட்டுக்குள் மடிந்து கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். இதை நீச்சல் குளத்திலோ அசையாத ஏரியிலோ கண்ணை மூடிக்கொண்டே செய்யும் அளவுக்குப் பழகாதவரை ஸ்கர்ட் மாட்டி ஆற்றில் இறக்கவே கூடாது. கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே நிமிர்த்தும் எஸ்கிமோ ரோல் பிறகு வரட்டும். முதலில் வெளியே வரத் தெரிய வேண்டும்.

காற்றடைத்த கயாக்கில் இந்தப் பயம் இல்லை. மேலே திறந்திருப்பதால் கவிழ்ந்தாலும் ஆள் நேராகத் தண்ணீரில்தான் விழுவார். படகைப் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். ஏறும் பழக்கத்தை மட்டும் கரையோரம் முன்பே செய்து பார்த்துவிட வேண்டும். அடித்தளத்தில் ஓட்டைகள் உள்ள ரகம் என்றால் உள்ளே புகுந்த தண்ணீர் தானே வடிந்துவிடும். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது, துடுப்பு நண்பரின் கையில் இருப்பது. எந்தப் பாறைக்கு இடதுபுறம் போவது, எங்கே ஒதுங்குவது என்று அவரே பார்த்து முடிவெடுப்பார். இந்த விளையாட்டின் ருசியே அதில்தான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. காற்று வீசினால் படகை இழுத்துக்கொண்டு போகும், எடிக்குள் சட்டென்று திரும்பாது. கவிழாமல் வந்துவிட்ட தெம்பில் "அடுத்தது இன்னும் பெரிசா போகலாமா?" என்று நண்பர் கேட்பார். சம்மதிக்காதீர்கள். ஆறுகளைத் தரம் பிரிக்கும் 1 முதல் 6 வரையிலான அளவுகோலில் முதல் நாளுக்கு 1, அதிகம் போனால் எளிதான 2. விழுந்து சாய்ந்த மரங்கள் இல்லாத, ஒவ்வொரு வேகப்பகுதியும் அமைதியான தண்ணீரில் போய் முடிகிற ஆறாகப் பாருங்கள்.

இருவர் கயாக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்னால் தேர்ந்தவர் இருந்தால் பெரிய அலைகளின் சுகத்தை முதல் நாளே காட்டிவிடலாம். தனியாக ஓட்டப் பயப்படுபவருக்கு அது நல்ல வழி. ஆனால் முடிவெல்லாம் பின்னால் இருப்பவருடையது, நண்பர் வெறும் பயணி. கவிழ்ந்ததும் அவர் பதறி வெளியேறிவிட்டால் தண்ணீர் நிரம்பிய அந்த நீளப் படகைத் தனி ஆளாக நிமிர்த்துவது பெரும்பாடு. ஸ்கர்ட் பழக்கம் இதற்கும் வேண்டும்.

எந்தப் படகானாலும் ஹெல்மெட், உடம்போடு இறுகப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட், கரையில் மீட்புக் கயிற்றுப் பையோடு நின்று அதை வீசத் தெரிந்த ஒருவர், இவை கட்டாயம். கிளம்பும் முன் பாதுகாப்பான இடத்தில் நண்பரை வேண்டுமென்றே ஒருமுறை நீந்த வையுங்கள்: மல்லாந்து, கால்கள் ஓட்டத்தின் திசையில், பாதங்கள் நீர்மட்டத்தில். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கவே கூடாது. பாதம் பாறை இடுக்கில் மாட்டினால் ஓட்டம் ஆளை முன்னே தள்ளி அமுக்கிவிடும். வேகம் 2 மடங்கானால் அந்த விசை 4 மடங்கு. தண்ணீர் குளிராக இருந்தால் வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை) போட வையுங்கள். திடீர்க் குளிரில் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, வாயில் தண்ணீர் போவது பெரும்பாலும் அப்போதுதான். வெட்சூட் கிடைக்கவில்லையா, வெயில் ஏறி ஆறு சூடாகும் பருவத்துக்குப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.