பேசிக் கோர்ஸ் படிக்காமல் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ்: கிருஷ்ணகிரி டியூஷன் சென்டர் எப்படி?

மகள் பத்தாவது முடித்துவிட்டு மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தாள். காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போகலாம் என்பதால் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் மாடியில் நடக்கும் ஒரு சென்டரில் விசாரித்தேன். "பேசிக் கோர்ஸ் முடிச்சாத்தான் சார் பிளஸ் ஒன் பேட்ச்ல தாக்குப் பிடிக்க முடியும்" என்றார்கள். கோடையில் நடக்கும் வகுப்பு, 3,500 ரூபாய். கொடுத்த தாளைப் பார்த்தால் வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், பெயிண்ட், டைப்பிங். வேண்டாம் என்று சொல்லி ஜூன் பேட்ச்சில் நேரடியாகச் சேர்த்தேன்.

அந்தத் தாளுக்கும் பாடப் புத்தகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் தொகுதியில் எண் முறைகள், கணினி அமைப்பு, ஆபரேட்டிங் சிஸ்டம், அப்புறம் அல்காரிதம், அதாவது ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிமுறை. இரண்டாம் தொகுதி பெரும்பாலும் சி++ என்ற நிரல் மொழி. வேர்ட், எக்செல் மாதிரியான ரைட்டர், கால்க் எல்லாம் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுக்கிறவர்களுக்குத்தான், அதுவும் ஓப்பன் ஆபீஸில். நம் ஸ்டேட் போர்டில் பத்தாவது வரை கணினி தனிப் பாடம் கிடையாது, அறிவியல் புத்தகத்தில் கடைசியாக ஸ்கிராட்ச் என்ற எளிய நிரல் மொழி பற்றி ஒரு பாடம் வருகிறது, அவ்வளவுதான். அதனால் பிளஸ் ஒன் புத்தகமே அரிச்சுவடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

சென்டரின் பலம் அங்கே பாடம் எடுக்கும் மேடம். முதல் வாரம் முழுக்க கம்ப்யூட்டரை ஆன் செய்யவே விடவில்லை. 0, 1 மட்டும் வரும் பைனரி முறைக்கு மாற்ற, 13-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போய் மீதியைக் கீழிருந்து மேலாக எழுதினால் 1101. அதையே மைனஸ் 13 ஆக்க எட்டு பிட்டில், அதாவது எட்டு இலக்கமாக 00001101 என்று எழுதி, 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றி ஒன்று கூட்டினால் 11110011. சி++ வந்த பிறகும் அதே பாணிதான். லூப் ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் வேரியபிள் என்ன மதிப்பு எடுக்கிறது என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். இஃப் நிபந்தனைக்குள் ஒப்பிடும் இரண்டு சமக்குறிக்குப் பதில், மதிப்பையே மாற்றிவிடும் ஒற்றைச் சமக்குறி போட்ட நிரலைக் கொடுத்து, எரர் காட்டாமல் ஓடி தப்பான விடை ஏன் தருகிறது என்று கேட்டாராம். நான் ஓசூரில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறவன். மெஷினுக்குக் கட்டளை கொடுக்கும் ஜி-கோடில் ஒரு புள்ளி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று தெரியும், அதனால் அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது.

லேப்தான் மோசம். ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர், கீபோர்ட் எப்போதும் வேகமாக டைப் அடிக்கிற பையன் கையில். பேசிக் படித்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆதாயம் இருந்தது. பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, சி++ நிரல் எழுதி ஓட்ட இலவசமாகக் கிடைக்கும் டெவ் சி++ மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். சில வாரங்களில் இவளுக்கும் கை பழகிவிட்டது.

அவர்கள் நடத்தும் 'டைரக்ட் பிளஸ் டூ' பேட்ச் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. பிளஸ் ஒன்னைப் பேருக்கு முடித்துவிட்டு வந்தவர்களையும் அதில் அப்படியே சேர்த்துக்கொள்கிறார்கள். பிளஸ் டூவில் பைத்தான் என்ற வேறு நிரல் மொழிதானே, சி++ எதற்கு என்று ரிசப்ஷனில் சொல்கிறார்கள். சரி, ஆனால் பிளஸ் டூ முதல் அலகே ஃபங்ஷன், ஸ்கோப்பிங் (ஒரு வேரியபிள் நிரலில் எதுவரை செல்லும் என்பது), அல்காரிதம். பிளஸ் ஒன்னில் இதற்கு அடிப்படை போடாதவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கடைசி அலகில் சி++ நிரலைப் பைத்தானிலிருந்து ஓட்டும் பாடம் வேறு இருக்கிறது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் சி++ 3 என்கிறது (இரண்டும் முழு எண் என்பதால் பின்னத்தை வெட்டிவிடும்), பைத்தான் 3.5 என்கிறது. முதலாவது ஏன் என்று தெரிந்தவளுக்கு இரண்டாவதை விளக்க ஒரு நிமிடம் போதும். மற்றவர்கள் மனப்பாடம்தான் செய்கிறார்கள். தியரி 70 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 15 தான், அதை மட்டும் நம்பி ஒப்பேற்ற முடியாது.

சேர்ப்பதாக இருந்தால் பிளஸ் ஒன் ஜூன் பேட்ச், மேடம் எடுக்கும் மாலை வகுப்பு என்று கேட்டுச் சேருங்கள். காலை பேட்ச்சுக்கு வேறொருவர் வருகிறார், நோட்ஸ் வாசித்துவிட்டுப் போகிறாராம். லேப் கட்டணம் தனி என்பதைச் சேர்ந்த பிறகுதான் சொல்வார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.