பெட்டிக்குள் பதினொரு கடன்: எதை முதலில் முடிப்பது?

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் பரண்மேல் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கிக் கணக்குப் பார்த்தேன். அடுத்தவர்களின் போர்வைகளுக்காகத் தைத்துக் கொடுக்க வேண்டிய சதுரக் கட்டங்கள் ஆறு. எனக்கென்று ஆரம்பித்து நடுவழியில் நின்றுபோன ஒட்டுத்துணிப் போர்வைகள் ஐந்து. ஆக மொத்தம் பதினொன்று. பக்கத்தில் நின்ற அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “ஊருக்கெல்லாம் தைக்கிறாய், வீட்டில் போர்த்திக்கொள்ள ஒன்றுகூட முடிந்தபாடில்லையே கண்ணு” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குயில்ட் தைப்பவர்கள் கூடிச் செய்யும் வேலைக்கு அமெரிக்காவில் ‘பீ’ என்று பெயர். அந்நாளில் ஒரு வீட்டில் பெண்கள் கூடி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய போர்வையைச் சுற்றி உட்கார்ந்து தைத்து முடிப்பார்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு கட்டங்களைக் கூரியரில் அனுப்பிக்கொள்கிறோம். எங்கள் கூட்டத்தில் ஈரோடு, திருப்பூர், கோவை, பொள்ளாச்சி, கரூர் என்று பன்னிரண்டு பேர். மாதம் ஒருவர் தனக்கு வேண்டிய வடிவத்தையும் நிறத்தையும் சொல்வார்; மற்ற பதினொரு பேரும் அவருக்கு ஆளுக்கொரு கட்டம் தைத்து அனுப்ப வேண்டும். அவருடைய கட்டத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு. கட்டம் 12 அங்குலம் என்றால் மூன்றுக்கு நான்காக இணைக்கும்போது 36க்கு 48 அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வை தேறும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க ‘சீட்டு’ என்ற ஒரு சொல் போதும். நான் இரண்டாம் மாதமே என் முறையை எடுத்துக்கொண்டவள். ஐந்தாம் மாதத்தோடு தவணை நின்றுவிட்டது. முதலிலேயே சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டவரை ஊரில் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

சரி, பதினொன்றில் எதை முதலில் கையில் எடுப்பது? இதற்கு மூன்று கட்சிகள் உண்டு. பழையது முதலில் என்பது ஒன்று. முடியும் தறுவாயில் இருப்பது முதலில் என்பது இன்னொன்று. பிறர் கடன் முதலில் என்பது மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

பழையது முதலில் என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கும். போன மார்கழியில் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெட்டியில் வயதில் மூத்தது அறுகோணத் துண்டுகளைக் காகிதத்தின்மேல் மடித்துக் கையால் கோத்துக்கொண்டு போகும் போர்வை. மூன்று வாரம் உட்கார்ந்து பதினொரு பூக்கள் முடித்தேன். ஏழு துண்டுகள் ஒரு பூ. ஒரு கட்டிலை மூட இன்னும் எத்தனை வேண்டும் என்று எண்ணிய அன்றே பெட்டிக்குள் திரும்பிப் போய்விட்டது. ஒரு வேலை பல வருடம் கிடக்கிறது என்றால் அதில் எங்கோ ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. அதை அவிழ்க்காமல் வயதை மட்டும் பார்த்து எடுத்தால் அதே இடத்தில்தான் மறுபடி நிற்கும். இந்தக் கட்சிக்கு என் ஓட்டு இல்லை.

இரண்டாவது கட்சி பரவாயில்லை. என் ஐந்தில் ஒன்றுக்கு ஓரப்பட்டி மட்டுமே பாக்கி. 48க்கு 60 அங்குலப் போர்வை. சுற்றளவு 216 அங்குலம், மூலை திருப்பவும் நுனிகளை இணைக்கவும் 12 சேர்த்தால் 228. 44 அங்குல அகலத் துணியில் கரை போக 42 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை அங்குலப் பட்டி ஆறு வெட்ட வேண்டும். அதற்கு 15 அங்குலத் துணி. இவ்வளவுதான் வேலை! இரண்டு மாலையில் முடிந்துவிட்டது. இதற்காகவா ஒன்றரை வருடம் பரணில் தூங்கியது என்று வெட்கமாக இருந்தாலும், முடித்த ஒன்றைக் கொடியில் உலர்த்திப் பார்க்கும்போது வரும் தெம்பு சாதாரணமில்லை.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மேல்துணி, நடுவடுக்கு, அடித்துணி மூன்றையும் அடுக்கி ஊக்குக் குத்தி வைத்த போர்வை ஒன்றும் உள்ளே இருந்தது. அது பாதிகூட ஆகவில்லை. ‘முடியும் தறுவாய்’ வரிசையில் கடைசியில்தான் வரும். விரித்தால், ஏழெட்டு ஊக்குகளைச் சுற்றித் துருக்கறை. இளமஞ்சள் துணியில் மிளகு அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்ததில் நிறம் குறைந்தது, போகவில்லை. ஆகவே ஊக்குக் குத்திய போர்வை எந்த வரிசைக்கும் கட்டுப்படாது. கண்ணில் பட்டதும் ஊக்குகளைக் கழற்ற வேண்டும். உடனே தைக்க நேரமில்லையா, நீளமான ஓட்டுத் தையல் போட்டு வைத்துவிடலாம். நூல் துருப்பிடிக்காது.

மூன்றாவது கட்சியில்தான் இப்போது இருக்கிறேன். காரணம் பெருந்தன்மை ஒன்றும் இல்லை, கணக்கு. ஒரு கட்டம் இரண்டு மணி நேரத்தில் முடியும். அதை நான் கொடுக்காததால் பொள்ளாச்சியில் ஒருவரின் பதினொரு கட்டங்கள் அடுக்கியபடி காத்திருக்கின்றன. என்னுடைய போர்வை தாமதமானால் எனக்கு மட்டும்தான் நஷ்டம். அதுவும் இந்த ஊர் வெயிலில் போர்வைக்கு ஏங்கி யாரும் நிற்கவில்லை. அதோடு கட்டம் என்பது சின்ன வேலை. வெயில் நாளில் மூன்றடுக்குப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு ஈரோட்டில் உட்கார முடியாது. கட்டத்தை மின்விசிறிக்கு அடியில் மடி சுடாமல் தைக்கலாம்.

அடுத்த தகராறு: ஆறு கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தைப்பதா, சேர்த்துத் தைப்பதா? எனக்கு வந்திருந்த கடனில் ‘சாடூத் ஸ்டார்’ என்ற நட்சத்திர வடிவம் இரண்டு, ‘லாக் கேபின்’ இரண்டு, ‘சர்ன் டேஷ்’ ஒன்று, ‘நைன் பேட்ச்’ ஒன்று. சர்ன் டேஷ் என்பது வெண்ணெய் கடையும் மத்திலிருந்து வந்த பெயர். அத்தையிடம் காட்டியதற்கு, “எந்த ஊரில் மத்து சதுரமாக இருக்கிறது?” என்று கேட்டார்.

நட்சத்திரம் போன்றவற்றுக்குச் சேர்த்துத் தைப்பதுதான் லாபம். 12 அங்குல சாடூத் ஸ்டாருக்கு நடுவில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று, மூலைகளுக்கு மூன்றரை அங்குலச் சதுரம் நான்கு. கதிர்களுக்கு ஏழேகால் அங்குலப் பெரிய சதுரம் ஒன்றும், மூன்றேமுக்காலே அரைக்கால், அதாவது 3⅞ அங்குலச் சிறு சதுரம் நான்கும் போதும். பெரியதன் எதிரெதிர் மூலைகளில் சிறியவை இரண்டை வைத்து, கோணல் கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து நடுவில் வெட்டினால் இரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் மிச்ச மூலையில் இன்னொரு சிறு சதுரத்தை வைத்து அதேபோல் தைத்து வெட்டினால், துணி வீணாகாமல் நான்கு பக்கத்துக்கும் வேண்டிய கதிர்த் துண்டுகள் வந்துவிடும். இரண்டு நட்சத்திரத்துக்கும் ஒரே நேரத்தில் வெட்டி, நூலை அறுக்காமல் தோரணம் மாதிரி வரிசையாக இயந்திரத்தில் விட்டால் பாதி நேரம் மிச்சம்.

லாக் கேபினுக்கு இதே அவசரம் ஆகாது என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். நடுவில் ஒரு சின்னச் சதுரம். அதைச் சுற்றிப் பட்டை பட்டையாக நான்கு சுற்று. நடுச்சதுரம் சிவப்பாக இருப்பது அமெரிக்க வழக்கம், வீட்டின் அடுப்படி நெருப்புக்கு அடையாளம் என்பார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் தைத்து முடித்து ஸ்கேலை வைத்தேன். நாலாபுறமும் இணைப்புத் தையலுக்கு விடும் கால் அங்குலத்தையும் சேர்த்துப் பன்னிரண்டரை இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றரை. வெட்டியது சரி, பட்டை அகலமும் சரி. கடைசியில் தையலைப் பிரித்து அளந்தபோதுதான் விளங்கியது: கால் அங்குலம் விட வேண்டிய தையலில் ஒவ்வொன்றுக்கும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகப் பிடித்திருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் இரு துணியிலும் சேர்த்து ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு போகிறது. குறுக்கே எட்டுத் தையல். முழுசாக ஓர் அங்குலம் காணாமல் போய்விட்டது. ஒவ்வொன்றாகத் தைத்திருந்தால் முதல் கட்டத்திலேயே பிடித்திருப்பேன். சேர்த்துத் தைத்ததால் தப்பும் இரண்டாகிவிட்டது.

ஆகவே பட்டைகள் அதிகமான வடிவம் என்றால் ஒன்றைத் தனியாக முடித்து அளந்த பிறகே மற்றதைத் தொடுங்கள். குட்டையாகிப் போனதைப் பிரித்துத் தைப்பதா, அப்படியே அனுப்புவதா என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது: நாலாபுறமும் ஒரு மெல்லிய பட்டை வைத்துத் தைத்து, பன்னிரண்டரைக்கு வெட்டிவிடலாம். நானும் அதைத்தான் செய்தேன். வாங்கியவரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன். சிவப்புத் துணியை முதலில் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பதையும் மறக்க வேண்டாம். பன்னிரண்டு வீட்டுத் துணி ஒரே போர்வையில் சேரும்போது ஒருவர் சாயம் எல்லோர் கட்டத்திலும் ஏறும்.

இனி என் சொந்தக் கடன். உண்மையில் போர்வைகள் சிக்கிக்கொள்ளும் இடம் மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் வேலைதான். மேல்துணி தைக்க எல்லோருக்கும் ஆசை. அதற்குப் பிறகு தரையில் மண்டியிட்டு அடுக்க வேண்டியிருக்கிறதே, அங்கேதான் பெட்டி நிறைகிறது.

வீட்டு இயந்திரத்தில் நேர்கோடாகத் தைப்பதென்றால், எல்லா அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் ‘வாக்கிங் ஃபுட்’ என்ற பாதம் கட்டாயம். இல்லாவிட்டால் மேலடுக்கு ஒரு வேகத்திலும் அடியடுக்கு வேறு வேகத்திலும் நகர்ந்து சுருக்கம் விழும். நேர்கோடுகள் போதும் என்பவர்களுக்கு இதுவே நல்ல வழி. கையால் ஓட்டுத் தையல் போடுவது அழகுக்கு அழகு, ஆனால் ஐப்பசிக்கு முன்னால் அந்தப் பேச்சே வேண்டாம். ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிடலாம் என்று கரூர்ப் பக்கம் இரண்டு இடத்தில் விசாரித்தேன். அங்கெல்லாம் பல ஊசி இயந்திரம், சுருள் சுருளாகத் துணி ஓடுகிற இடம். என் ஒற்றைப் போர்வைக்காக நூல் மாற்றச் சொல்வது, ஒரு தோசைக்காகக் கல்யாண அடுப்பை மூட்டச் சொல்வதைப் போல.

நான் தேர்ந்தெடுத்தது நான்காவது வழி: முடிச்சு. பஞ்சு மெத்தை தைப்பவர் நீள ஊசியால் குத்தி ஆங்காங்கே முடிச்சுப் போடுகிறாரே, அதே சங்கதி. 48க்கு 60 போர்வையில் நான்கு அங்குலத்துக்கு ஒன்று என்றால் 154 முடிச்சு. கனமான பருத்தி நூல், இரட்டை முடிச்சு, அரை அங்குல வால். துருக்கறை பட்ட போர்வையை இப்படித்தான் முடித்தேன். கறைப் புள்ளிகள் சிலவற்றின்மேல் முடிச்சைப் போட்டு மறைத்துவிட்டேன் என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

நடுவடுக்குக்கு பாலியஸ்டர் பஞ்சு மலிவு, எடையும் குறைவு. ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசாத ராத்திரியில் அதைப் போர்த்திப் பாருங்கள், தெரியும். நம் ஊருக்குப் பழைய பருத்திச் சேலையோ மெல்லிய ஃபிளானலோ தாராளமாகப் போதும். அடித்துணிக்குச் சென்னிமலைப் போர்வை அருமையாக உட்காரும், முதலில் துவைத்துச் சுருங்கவிட்டால். பவானி ஜமக்காளத்தையும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். ஊசிதான் உடைந்தது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ என்ற ஒட்டுத்துணிப் போர்வையில் இந்தச் சிக்கலே கிடையாது. அடித்துணியை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, எல்லா அடுக்குக்கும் சேர்த்தே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு நடுவை நோக்கிப் போவார்கள். மூலைகளில் ‘பூலா’ என்று மடித்த துணிப் பூ வைத்து முடிப்பார்கள். மேல்துணி தனி, அடுக்குவது தனி, பட்டி தனி என்று நின்றுபோக இடமே இல்லை. கோத்து முடித்த அறுகோணப் பூக்களைச் சாமந்திப்பூ மாதிரி பழைய சேலைமேல் வைத்து இந்த முறையில் தைக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் சொன்ன அந்தப் பழைய சிக்கல் இதில் தீரலாம். கூட்டத்தார் எனக்குத் தந்த பன்னிரண்டு கட்டங்களை இணைக்கும் வேலை ஐப்பசியில். அது முடிகிற வரை எங்கள் கூட்டத்தில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

மிச்சம் இருப்பது ஐந்தாவது. திருப்பூரில் கிலோ கணக்கில் வாங்கிய பனியன் துணித் துண்டுகள். பின்னலாடைத் துணி இழுத்த இழுப்புக்கு நீளும். பன்னிரண்டரையாக வெட்டியது தைத்து முடிக்கும்போது பதின்மூன்றாகும், தேய்த்தால் வேறு ஓர் அளவுக்கு வரும். பின்னால் ஒட்டும் கேன்வாஸ் வைத்தால் அடங்கும்தான், ஆனால் கேன்வாஸ் விலை துணி விலையைத் தாண்டிவிடும். நான்கு வருடமாக இதை முடிப்பதா, விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அத்தை கேட்காமலேயே எடுத்துப் பட்டையாகக் கிழித்துச் சடை பின்னிக் கால்மிதியாகத் தைத்துவிட்டார். இரண்டு வந்தது. ஒன்று பின்கட்டுக் கதவுக்கு, ஒன்று தையல் இயந்திரத்தின் மிதிக்கு அடியில்.