வெப்பப் பருவப் புல்தரைக்கு எந்த ரகம்? டிஃப்வே, ஃப்ளோராடாம், சோய்சியா: ஒரு மதிப்பீடு

புல்தரை அமைக்க விரும்புபவரிடம் விற்பனையாளர்கள் முதலில் காட்டும் படம் பெரும்பாலும் கோல்ஃப் திடலின் படமாகவே இருக்கிறது. படத்தில் இருக்கும் அதே புல்லைத்தான் விற்கிறார்கள் என்பதில் பொய் ஏதும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தத் திடலை நாள்தோறும் பராமரிக்கும் ஆட்களும் எந்திரங்களும் புல்லோடு சேர்ந்து நம் வீட்டுக்கு வருவதில்லை. ஆகவே இந்த மதிப்பீட்டில் எந்தப் புல் அழகானது என்பதைவிட, வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வெட்டும் கருவியை எடுக்க முடியாத ஒரு வீட்டில் எந்தப் புல் நிலைக்கும் என்பதையே முதன்மையாகக் கொண்டிருக்கிறேன்.

வெப்பப் பருவப் புற்கள் காற்றின் வெப்பம் 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது செழித்து வளரும். குளிர் கடுமையாகும் இடங்களில் வைக்கோல் நிறமாகி, மண் மீண்டும் சூடேறும்வரை உறங்கிக் கிடக்கும். சி4 எனப்படும் ஒளிச்சேர்க்கை முறையால் இவை குறைந்த நீரைக் கொண்டு அதிக உணவைத் தயாரித்துக்கொள்கின்றன. ஆனால் அந்த முறைக்கு வெயில் தாராளமாக வேண்டும். அதனால் ரகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே, நம் நிலத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் வாங்குபவர்களே மிகுதி என்பது என் எண்ணம்.

கலப்பின பெர்முடாப் புற்களில் உலகெங்கும் மிகப் பரவலாக அறியப்பட்டது டிஃப்வே 419. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அமெரிக்காவின் டிஃப்டன் ஆய்வு நிலையத்துக்கு வந்த விதைகளுக்கு இடையே 1954-இல் தற்செயலாகத் தென்பட்ட ஒரு கலப்பினச் செடியிலிருந்து உருவாகி, 1960-இல் வெளியிடப்பட்டது இது. சாதாரண பெர்முடா என்பது நம் அருகம்புல்லேதான். அதற்கு 36 குரோமோசோம்கள். அதன் ஆப்பிரிக்க உறவான மற்றொரு புல்லுக்கு 18. இரண்டும் கலந்த டிஃப்வேக்கு 27. இந்த ஒற்றைப்படைக் கணக்கால் இது முளைக்கும் விதையைத் தருவதில்லை. தண்டுத் துண்டுகளாகவோ மண்ணோடு பெயர்த்த புல் பாயாகவோ மட்டுமே கிடைக்கும். டிஃப்வே விதை என்று யாராவது பொட்டலம் விற்றால் அதை வாங்க வேண்டாம்.

டிஃப்வேயின் வலிமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. மண்ணின் மேலே ஓடும் தண்டும் மண்ணுக்குள் செல்லும் தண்டும் இதற்கு ஒருசேர இருப்பதால், பந்து விளையாடிக் கிழிந்த இடத்தைக்கூடச் சில வாரங்களில் மூடிவிடும். இலை மெல்லியது, நிறம் அடர்ந்த பச்சை, வெயில் எவ்வளவு கடுமையானாலும் சுணங்காது. குறைகளும் இதே வலிமையிலிருந்துதான் பிறக்கின்றன. வளரும் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு முறையாவது வெட்ட வேண்டும், அதுவும் சுமார் ஒன்றரை முதல் மூன்றரை சென்டிமீட்டர் உயரத்தில். இவ்வளவு தாழ்வாகச் சீராக வெட்ட, கத்தரிபோல் வெட்டும் உருளை வகைக் கருவியே ஏற்றது. சுழலும் கத்தி உள்ள சாதாரணக் கருவி இலை நுனியைக் கிழித்துப் பழுப்பாக்கிவிடும். நூறு சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரை நைட்ரஜன் கேட்கும். பூப்பாத்தி பக்கத்தில் இருந்தால் விளிம்பைத் தாண்டி உள்ளே நுழையும். 'அருகுபோல் வேரூன்றி' என்ற வாழ்த்து, அந்தப் பாத்தியில் களை பறிக்கக் குனிபவருக்கு வாழ்த்தாகத் தோன்றாது.

வெட்டுவதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை இந்தப் புல்லில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். பச்சை இலை மேல்மட்டத்தில் மட்டுமே இருக்கும். விரலால் விலக்கிப் பார்த்தால் கீழே வெளிறிய மஞ்சள் தண்டுகள் குச்சி குச்சியாக நிற்கும். வளர்ந்த புல்லை ஒரே நாளில் பழைய உயரத்துக்கு வெட்டினால் அந்தக் குச்சிகள்தான் மிஞ்சும், தரை முழுவதும் கருகியதுபோல் காணப்படும். ஒரு முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்ற விதி எல்லாப் புல்லுக்கும் பொருந்தும் என்றாலும், டிஃப்வே அளவுக்கு அதை மீறியவரைத் தண்டிக்கும் புல் வேறில்லை.

நிழல் இதன் இரண்டாவது பலவீனம். நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயிலாவது இல்லாவிட்டால் புல் நெருக்கம் குறைந்து, தண்டு நீண்டு, நடுவே மண் தெரியத் தொடங்கும். எட்டு மணி நேரம் இருந்தால்தான் இது தன் முழு அழகைக் காட்டும். பெர்முடாதான் வேண்டும், ஆனால் ஓரளவு நிழலும் உண்டு என்பவர்கள் செலிப்ரேஷன், டிஃப்கிராண்ட் ஆகிய ரகங்களைப் பார்க்கலாம். இவை பெர்முடாக்களுக்குள் நிழல் தாங்குபவை, அவ்வளவே. நீர் தட்டுப்பாடுதான் முதல் கவலை என்றால் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டிஃப்டஃப் ரகம் டிஃப்வேயைவிடத் தெளிவாக மேல்; வறட்சியில் பச்சை நிறத்தைக் காப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம் அது. குளிர் கடுமையான பகுதிக்கு ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் தந்த லாட்டிட்யூட் 36, டஹோமா 31 ஆகியவை உள்ளன. புதிதாகப் புல்தரை போடும் ஒருவர் இத்தனைக்குப் பிறகும் டிஃப்வேயையே கேட்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

அடுத்தது செயின்ட் அகஸ்டின் புல். ஆஸ்திரேலியாவில் இதையே பஃபலோ என்கிறார்கள். அமெரிக்கப் புல்வெளிகளின் பஃபலோ புல் முற்றிலும் வேறொரு இனம் என்பதால், இந்தப் பெயரில் வாங்குபவர்கள் தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்குவது நல்லது. அகன்ற, தடித்த இலையும் மேலே ஓடும் பருத்த தண்டும் இதன் அடையாளங்கள். மண்ணுக்குள் செல்லும் தண்டு இல்லாததால் பாத்தியில் நுழைந்தாலும் கையால் இழுத்து எடுத்துவிடலாம். அதே காரணத்தால் மிதிபட்டு அழிந்த இடத்தில் தானாக மீள்வது மெதுவாகவே நடக்கும்.

இந்த இனத்தில் மிகப் பரவலான ரகமான ஃப்ளோராடாம், ஒரு ரகத்தின் புகழ் எப்படிப் பழசாகிறது என்பதற்குச் சரியான சான்று. ஃப்ளோரிடா, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகங்கள் 1970-களின் தொடக்கத்தில் இதை வெளியிட்டபோது, இந்தப் புல்லை வாட்டிய வைரஸ் நோயையும், சாறு உறிஞ்சும் சிஞ்ச் பூச்சியையும் தாங்கும் ரகம் என்பதே இதன் பெருமை. பிற்காலத்தில் இந்தப் பூச்சி அந்த எதிர்ப்பை வென்றுவிட்டது. கரும்புத் தேமல் வைரஸ் ஃப்ளோரிடாவில் ஃப்ளோராடாம் தரைகளைக் கொல்லவே தொடங்கிவிட்டது. விளம்பரங்களில் மட்டும் 'பூச்சி தாங்கும்' என்ற சொல் மாறாமல் இருக்கிறது. செயின்ட் அகஸ்டின் இனம் பொதுவாக நிழல் தாங்கக்கூடியது என்பது உண்மை, ஆனால் அந்தப் பொதுவிதியில் ஃப்ளோராடாம் அடங்காது. இதற்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். மரநிழலுக்காக இந்த இனத்தைத் தேர்பவர்கள் செவில், பால்மெட்டோ போன்ற ரகங்களையே கேட்க வேண்டும். வெட்டும் உயரத்திலும் வேறுபாடு உண்டு: ஃப்ளோராடாமை ஒன்பது, பத்து சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டக் கூடாது, குட்டை ரகங்களை ஐந்தாறு சென்டிமீட்டர்வரை வெட்டலாம். கோடையில் நைட்ரஜனை அள்ளிப் போட்டால் இலையில் சாம்பல் புள்ளி நோய் வரும் என்பது இந்த இனம் முழுவதற்கும் பொருந்தும்.

என் தேர்வு சோய்சியா. சோய்சியா என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. ரகத்துக்கு ரகம் இதன் இயல்பு அவ்வளவு மாறுகிறது. பழம்பெரும் ரகமான மேயர் 1951-இல் வெளியானது. ஆசியாவில் தாவரங்களைத் தேடி அலைந்த ஃபிராங்க் மேயர் 1905-இல் கொரியாவில் திரட்டிய விதையின் வழி வந்ததால் அவர் பெயரையே தாங்கியது. குளிரை மிக நன்றாகத் தாங்கும், அடர்ந்து வளரும், ஆனால் பரவும் வேகம் பொறுமையைச் சோதிக்கும். சிறு கட்டிகளாக நட்டால் தரை முழுவதும் மூட இரண்டு வளர்பருவங்கள் ஆகலாம். அதுவரை இடைவெளியில் முளைக்கும் களையைப் பறிப்பது நம் வேலை. பணத்தை மிச்சப்படுத்தக் கட்டிகளாக வாங்கலாம் என்ற யோசனை மேயரைப் பொறுத்தவரை நல்ல யோசனை அன்று.

இந்தக் குறையைப் பெரிதும் நீக்கியது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான எல் டோரோ. இலை மேயரைவிடச் சற்று அகலம், பரவுவது வேகம், சேதத்திலிருந்து மீள்வதும் விரைவு. டெக்சஸில் உருவான பாலிசேட்ஸும் இந்த வரிசையில் வைக்கத் தக்கது. இவற்றை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர்வரை சாதாரணச் சுழல்கத்திக் கருவியாலேயே வெட்டலாம், வாரத்துக்கு ஒருமுறை போதும். நூறு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை கிலோ நைட்ரஜன் போதுமானது. நாளுக்கு நான்கைந்து மணி நேர வெயிலில் தரை நெருக்கம் கலையாமல் நிற்கும். வெறுங்காலோடு நடந்தால் நுனி சற்றுக் குத்துவதுபோல் இருக்கும். ஆனால் பாதம் மண்ணைத் தொடாத அளவுக்கு நெருக்கம் இருக்கும், அந்த நெருக்கமே களைக்கு இடம் தராத காவல்.

சியான், எமரால்டு, டைமண்ட் போன்ற மெல்லிய இலை ரகங்கள் கண்ணுக்கு இன்னும் அழகு. நிழலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் சருகும் தண்டும் மெத்தைபோல் அடியில் சேர்வது இவற்றில் அதிகம். அந்த மெத்தை தடித்தால் நீர் மண்ணுக்குள் இறங்காது, வெட்டும்போது தரை மேடும் பள்ளமுமாகச் சிதையும். சிறிய முற்றத்துக்கு மெல்லிய இலை ரகம், பெரிய தரைக்கு எல் டோரோ அல்லது பாலிசேட்ஸ் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். எல்லாச் சோய்சியாவுக்கும் பொதுவான இரு தொல்லைகள் உண்டு: இலை கடினமானதால் கத்தி விரைவில் மழுங்கும்; குளிர்ந்த ஈரப் பருவங்களில் வட்ட வட்டமாகச் செம்பழுப்பாகும் பூஞ்சை நோய் வரும். இரண்டாவதற்கு, அந்தப் பருவத்தில் உரமும் நீரும் குறைப்பதே முதல் மருந்து.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். சென்டிபீட் புல் அமில மண்ணில் அரை முதல் ஒரு கிலோ நைட்ரஜனோடு திருப்தியடையும் சோம்பேறிகளின் நண்பன். கார மண்ணில் இரும்புச் சத்து கிடைக்காமல் வெளுத்துப் போகும், அங்கே அதை வாங்கவே கூடாது. உப்பு நீரைத் தவிர வேறு நீர் இல்லாத இடத்துக்குக் கடலோரப் பாஸ்பாலம் ஒன்றே வழி.

ரகங்களை ஒப்பிட அமெரிக்கத் தேசியப் புல்தரை மதிப்பீட்டுத் திட்டத்தின் அட்டவணைகள் பயன்படும். அவற்றில் மதிப்பெண் 1 முதல் 9 வரை. 6 என்பது ஏற்கத்தக்க தரம். மொத்தச் சராசரியில் முதலிடம் பெற்ற ரகத்தைப் பார்ப்பதைவிட, நம் தட்பவெப்பத்தையும் மண்ணையும் ஒத்த சோதனை இடத்தில் எது எவ்வளவு பெற்றது என்று பார்ப்பதே முறை. முதலிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் உள்ள தசமப் புள்ளி வேறுபாடு பெரும்பாலும் புள்ளியியலில் நிற்காது, அட்டவணையின் அடிவரியிலேயே அதைச் சொல்லியிருப்பார்கள்.

வாங்கும்போது புல் பாயைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் வெண்மையான வேர்கள் மண்ணைப் பற்றியிருக்க வேண்டும், மண் அடுக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில் சீராக இருக்க வேண்டும், சுருளுக்குள் கையை விட்டால் சூடு அடிக்கக் கூடாது; சூடு அடித்தால் வெட்டி நேரமாகிவிட்டது என்று பொருள். சோய்சியா என்று வாங்கும் பாயில் பெர்முடாத் தண்டு ஒன்று கலந்திருந்தாலும் பின்னால் அதைப் பிரிக்க முடியாது, எந்தக் களைக்கொல்லியும் அதை மட்டும் சுத்தமாக எடுத்துத் தராது. முழுத் தரைக்கும் வாங்குவதற்கு முன், விருப்பமான இரண்டு ரகங்களில் சில பாய்களை மட்டும் வாங்கி, நிலத்தில் வெயில் மிகக் குறைவாக விழும் மூலையில் பதித்து, ஒரு வளர்பருவம் முடிந்த பிறகு மீதியை வாங்கலாம்.