எல்.கே.ஜி.க்கு அனுப்பாமல் வீட்டிலேயே: மணல் தட்டு, ஃபிளானல் பலகை, வசனப் பெட்டி

மூன்று வயதிலிருந்து ஒன்றாம் வகுப்பு வரை பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க நினைக்கும் கிறிஸ்தவப் பெற்றோருக்கு இது பயன்படும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பாடத்திட்டப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. நாள்பட்ட புழக்கத்தில் தாக்குப்பிடிப்பவை எழுத்து பழக மணல் தட்டு, கதைப் படங்களை ஒட்டிக் காட்ட ஃபிளானல் (மெத்தென்ற துணி) பலகை, வேத வசனங்களை மனப்பாடம் செய்ய வசனப் பெட்டி ஆகிய மூன்றும்தான். மற்ற சாமான்கள் சில வாரங்களில் பரணுக்குப் போய்விடும்.

முதலில் நேரம். மூன்று வயதில் ஒரு தடவைக்கு 5 நிமிடம், நான்கில் 10, ஐந்தில் 15. நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் உட்காரவைக்க வேண்டாம். பிள்ளை இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். சலித்தபின் நிறுத்தினால் மறுநாள் பாயைப் பார்த்ததுமே ஓடும்.

மணல் தட்டு நம் ஊர்ச் சரக்கு. 1789-ல் சென்னை எழும்பூர் ஆண்பிள்ளை அனாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் விடுதியிலும் அதைக் கொண்டுவந்தார். ஒரு அங்குல விளிம்புள்ள தட்டு எடுத்து அடியில் கருநீலத் தாளை ஒட்டுங்கள். ஆற்றுமணலை இரண்டு முறை கழுவிக் காயவைத்து, மாவு சல்லடையில் சலித்து, அரை சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். அதற்கு மேல் போனால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும், அடித்தாளின் நிறமும் தெரியாது. ரவை போட்டால் எறும்பு வரும், பாதி வாய்க்குள் போகும். கல் கோலமாவு கண்ணில் பறக்கும்.

அ-வில் தொடங்காதீர்கள். உயிரெழுத்துகளைப் பாட்டாகப் பாடட்டும், ஆனால் அ-வின் சுழி நான்கு வயது விரலுக்குக் கஷ்டம். ட, ப என்ற நேர்கோட்டு எழுத்துகள் முதலில், பிறகு ம. இந்த மூன்றும் வந்ததும் மெய்யெழுத்துப் புள்ளியை விரல்நுனியால் குத்தச் சொன்னால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் எழுதிவிடலாம். ப-வை இடது மேல்முனையில் தொடங்கி, கீழே, வலமாக, மேலே என்று விரல் எடுக்காமல் இழுக்கவேண்டும். வலப்பக்கத்திலிருந்து இழுத்தாலும் பார்வைக்கு அதே ப-தான். அதனாலேயே பெற்றோர் கவனிக்காமல் விடுகிறார்கள். பென்சில் பிடித்தபின் அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. எனவே முடிந்த எழுத்தைப் பார்க்காமல், விரல் போகும் திசையைப் பாருங்கள்.

வேதக் கதைகளுக்கு ஃபிளானல் பலகை. 2 அடிக்கு 3 அடி அட்டையில் வெளிர்நீல ஃபிளானல் துணியை இழுத்து ஒட்டவேண்டும். படங்களை மெல்லிய தாளில் வரைந்து, பின்னால் ஃபிளானல் துண்டு ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். கெட்டி அட்டைப் படம் எடை தாங்காமல் விழும். பலகையை நேராக நிறுத்தாமல் சற்றுச் சாய்த்து வையுங்கள், கதை முடியும்வரை மின்விசிறியை அணைத்துவிடுங்கள். பசை அதிகமானால் மழைக்காலத்தில் படம் சுருளும். மெல்லத் தடவி, புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வைத்தால் போதும். நாணற்பெட்டியில் மோசே, ஆடு மேய்க்கும் தாவீது, காணாமற்போன ஆடு, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் இந்த வயதுக்கு ஏற்றவை. அப்பமும் மீனும் அப்படியே எண்ணிக்கைப் பாடமாகிவிடும். ஈசாக்கைப் பலியிடப்போன கதையைத் தள்ளிவையுங்கள். அந்த வயதுப் பிள்ளை அப்பாவைப் பார்த்துப் பயப்படும்.

வசனப் பெட்டிக்குப் பழைய செருப்புப் பெட்டி போதும். உள்ளே தடுப்பு அட்டைகள்: ‘தினமும்’, ‘ஒற்றைப்படைத் தேதி’, ‘இரட்டைப்படைத் தேதி’, பிறகு ஏழு கிழமைகள். ஒரு அட்டைக்கு ஒரு வசனமாக எழுதுங்கள், புதிய வசனத்தின் அட்டை ‘தினமும்’ பிரிவில் இருக்கும். எடுத்துக்கொடுக்காமல் பிள்ளை சொன்னபின் தேதிப் பிரிவுக்கு, அதுவும் உறுதியானால் ஒரு கிழமைக்கு மாற்றவேண்டும். ஆரம்பத்தில் ஒரு நாளுக்கு மூன்று, நான்கு வசனங்களே வரும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். 23-ம் சங்கீதத்தின் 6 வசனங்களை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக எடுத்தால் மூன்று மாதம். நான்காம் வசனம் நீளம், அதை மூன்றாகப் பிரிக்கவேண்டும். ‘பயப்படேன்’ வரை முதல் வாரம், ‘இருக்கிறீர்’ வரை அடுத்த வாரம், கோலும் தடியும் மூன்றாம் வாரம். அவசரப்பட்டு அட்டையை மாற்றுவதால்தான் பெரும்பாலும் மறக்கிறது. விருந்தாளி முன்னால் சொல்லச் சொன்னால் தெரிந்த வசனமும் தொண்டையில் நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். பிள்ளை அடம்பிடிக்கும்போது “இயேசப்பா அடிப்பாரு” என்று சொல்லாதீர்கள், வசனம் சொல்வதைத் தண்டனையாகவும் ஆக்காதீர்கள். அடம் தீர்ந்துவிடும், ஜெபத்துக்குக் கூப்பிட்டால் ஒளியும் பழக்கம் தீராது. குடும்ப ஜெபத்தில் ஒரு கீர்த்தனையின் பல்லவியும் ஒரு சரணமும், ஏழெட்டு வசன வாசிப்பு, பிள்ளையின் வாயாலேயே ஒரு வரி நன்றி. மொத்தம் 10 நிமிடம். பெரியவர்களின் நீண்ட ஜெபம் பிள்ளை தூங்கியபின் நடக்கட்டும்.

மற்ற பிள்ளைகளோடு பழக ஓய்வுநாள் பள்ளி மட்டும் போதாது, அங்கேயும் உட்கார்ந்துதான் இருப்பார்கள். வாரம் மூன்று மாலையாவது தெருவிலோ பூங்காவிலோ விளையாட விடுங்கள்.

2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதனால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. சட்டப்படி கட்டாயமில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வையுங்கள். ஆங்கிலவழிப் பள்ளி என்றால் ஆறு மாதம் முன்பே ஆங்கிலச் சிற்றெழுத்துகளை அதே மணல் தட்டில் தொடங்குங்கள், முதலில் ஒலி, பிறகு பெயர். பி-யும் (b) டி-யும் (d) இடம் மாறிக் குழப்பும். இரண்டையும் ஒரே வாரத்தில் காட்டாமல் ஒரு மாத இடைவெளி விடுங்கள்.