நாக்கு மீன் எப்போது தேறுகிறது? மூன்று அளவுகளில் எதை நம்பலாம்

ஒரு வருடம் முழுக்க நாக்கு மீனை வாங்கி, எந்த மாதம் சதை தேறுகிறது, எந்த மாதம் வாடுகிறது என்று பார்க்க நினைக்கும் குமரி மாவட்ட விலங்கியல் மாணவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே பதிலைச் சொல்லாது.

செலவே இல்லாதது நீள எடைக் கணக்கு. கிராம் எடையை நூறால் பெருக்கி, செ.மீ. நீளத்தின் மும்மடியால் வகுக்க வேண்டும். எண் கூடினால் மீன் தேறியிருக்கிறது என்று பொருள். 14 செ.மீ., 16 கிராம் மீனுக்கு 0.58. அதில் 2 கிராம் சினையை எடுத்துவிட்டு நிறுத்தால் 0.51. சினைக்காகச் சதை கரையும் மாதத்தையே கொழுத்த மாதம் என்று எழுதிவிடும் ஆபத்து இங்கேதான். நாக்கு மீன் போன்ற தட்டை மீனின் சினைப்பை வயிற்றோடு நிற்காது, வால் பக்கமாக நீண்டு கிடக்கும். வயிற்றை மட்டும் கீறினால் பாதி உள்ளேயே தங்கிவிடும். குடலையும் சினையையும் முழுதாக எடுத்த பிறகே நிறுக்க வேண்டும்.

ஈரல் எடையை உடல் எடையின் சதவீதமாகப் பார்ப்பது எருமை நாக்கு போன்ற பெரிய மீனுக்குச் சரி. சின்ன நாக்கு மீனில் ஈரல் 0.16 கிராம் என்றால், 0.1 கிராம் துல்லியத் தராசு 0.2 காட்டும். கால் பங்கு பிழை!

நம்பத் தகுந்தது சதையின் ஈரப்பதம்தான். பட்டினியில் சதையின் சத்து கரையக் கரைய, அந்த இடத்தை நீர் பிடிக்கிறது. வட அட்லாண்டிக்கின் அமெரிக்கன் பிளேஸ் என்ற தட்டை மீனில் நீர் 90 சதவீதத்தைத் தாண்டி, சதை கூழாகிப் போவதும் உண்டு. தோல் நீக்கிய 5 கிராம் சதையை 105 டிகிரி செல்சியஸ் உலர்த்தும் அடுப்பில் இரவு முழுக்க வைத்து, ஈரம் ஏறாத கண்ணாடிக் கலத்தில் ஆறவிட்டு நிறுக்கவும். எடை மாறாமல் நிற்கும்வரை திரும்பச் செய்யவும். 1 கிராம் மிஞ்சினால் ஈரப்பதம் 80 சதவீதம். ஐஸ் தண்ணீரில் ஊறிய மீன் மட்டும் கூடாது. அந்த நீரும் கணக்கில் ஏறி, நல்ல மீனையும் பட்டினி மீனாக்கும்.

மாதிரி கிடைப்பதுதான் பெரிய தலைவலி. விசைப்படகுத் தடை கிழக்குப் பக்கச் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் 14 நாள் இரண்டு பக்கமும் மூடியிருக்கும், அப்போது கரையிலிருந்து இழுக்கும் கரைமடி வலையில் படுவதை வாங்கலாம். ஆனால் கிழக்கு மீனையும் மேற்கு மீனையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது. கலந்தால், கடல் மாறியதால் வந்த வித்தியாசம் பருவத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.