சுங்குடியா, ஜார்ஜெட்டா?

பூசினாற்போன்ற உடல்வாகுள்ள பெண்கள், தினமும் வேலைக்கு உடுத்த இவ்விரண்டு சேலைகளில் எதை எடுப்பது என்று தயங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தோற்றத்தில் ஜார்ஜெட் உடலோடு வழிந்து வளைவுகளை அழகாகக் காட்டும். சுங்குடியில் கஞ்சி மிஞ்சினால், கொசுவம் வயிற்றின் முன்னே விடைத்து நின்று இல்லாத பருமனையும் சேர்த்துக் காட்டிவிடும். ஆகவே புதுச்சேலையை இரண்டு மூன்று முறை அலசி, நீர்த்த கஞ்சியில் நனைத்து உலர்த்தி, அகலமான ஐந்து மடிப்புகளோடு கொசுவத்தை நிறுத்தி, கையால் நீவிச் செருகினால் துணி படிந்து அமரும். இந்தச் சிறு உழைப்புக்கு நிச்சயம் பலன் உண்டு.

வெயிலில் பருத்தியாலான சுங்குடிக்கு நிகரில்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஜார்ஜெட் பாலியஸ்டரால் ஆனது. வியர்வையை உறிஞ்சாததால் இடுப்பு மடிப்பில் அரிப்பெடுக்கும்.

பராமரிப்பில் ஜார்ஜெட்டே எளிது. அதற்கு இஸ்திரி அதிகம் வேண்டாம். சுங்குடியையோ சாயம் இறங்கும்வரை தனியாக அலச வேண்டும்.

பேருந்தில் நின்று செல்பவர்களுக்கும், மின்விசிறி மட்டுமே உள்ள வகுப்பறையில் நாள் முழுதும் நிற்கும் ஆசிரியைகளுக்கும் சுங்குடியையே சொல்வேன். குளிரூட்டிய அறையில் வேலை செய்பவர்களும், காலையில் நேரமில்லாதவர்களும் ஜார்ஜெட்டை எடுக்கலாம். அதற்குள் அதிகம் விரியாத பாவாடையை அணிந்து, நாடாவை இடுப்பில் பதியாத அளவுக்குத் தளர்வாகக் கட்ட வேண்டும்.