தேர்தல் ஆணையத்தின் தமிழகப் புள்ளிவிவர அறிக்கைகள்: எண்கள் சரி, படிக்கும் விதத்தில்தான் சறுக்கல்

தமிழக சட்டமன்றத் தேர்தல் வரலாற்றை எண்களோடு பேச வேண்டுமென்றால் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைதான். ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் ஒன்று. விலை கிடையாது. ஆணையத்தின் இணையதளத்தில் இருந்து இறக்கிக்கொள்ளலாம். காசில்லாமல் கிடைக்கும் பொருளுக்கு விமர்சனம் எதற்கு என்று கேட்கலாம். டிவி விவாதங்களிலும் போட்டித்தேர்வு கையேடுகளிலும் உலவும் பல பிழைகள் இந்த அறிக்கைகளைப் பார்க்காததால் வந்தவை அல்ல, பார்த்துவிட்டுத் தப்பாகப் படித்ததால் வந்தவை. 1952 முதல் 2021 வரையிலான வரிசையை முன்வைத்து, இதில் எது நம்பகமானது, எங்கே கால் இடறும் என்று பார்ப்போம்.

முதல் இடறல் தேடும்போதே வந்துவிடும். முதல் தேர்தலின் அறிக்கை 1951 என்ற ஆண்டின் கீழ் இருக்கிறது. நாடு தழுவிய முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கியதால் அந்தப் பெயர். சென்னை மாகாணத்தில் வாக்குப்பதிவு நடந்தது 1952 ஜனவரியில். அடுத்தது மாநிலத்தின் பெயர். 1969 ஜனவரி 14க்குப் பிறகுதான் அது தமிழ்நாடு. எனவே 1951, 1957, 1962, 1967 அறிக்கைகளின் முகப்பில் மெட்ராஸ் என்றுதான் இருக்கும். தமிழ்நாடு என்று மட்டும் தேடிவிட்டு 1971க்கு முந்தையது இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது? கட்சிகளின் பட்டியலும் அவற்றின் சுருக்கெழுத்துகளும், ஒரு பக்கச் சாரம், வென்றவர்கள் பட்டியல், கட்சிவாரிச் செயல்பாடு, வேட்பாளர் தொகுப்பு, வாக்காளர் தொகுப்பு, பெண் வேட்பாளர்கள், தொகுதிவாரிச் சுருக்கம், கடைசியில் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்கு. அவசரத்துக்கு இரண்டு பகுதி போதும்: கட்சிவாரி அட்டவணை, தொகுதிவாரிச் சுருக்கம். வென்றவர், இரண்டாமிடம், வாக்கு வித்தியாசம் மூன்றும் இரண்டாவதில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

மொத்த அறிக்கையின் உயிரும் கட்சிவாரி அட்டவணையில் இருக்கிறது. போட்டியிட்ட இடங்கள், வென்றவை, டெபாசிட் இழந்தவை, பெற்ற வாக்கு, மாநில அளவில் சதவீதம், போட்டியிட்ட தொகுதிகளில் மட்டும் சதவீதம் என்று வரிசையாக வரும். எல்லோரும் ஐந்தாவதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவை முதலாவதும் ஆறாவதும்.

1967ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் 41.10 சதவீதம், 51 இடம். திமுக 40.69 சதவீதம், 137 இடம். காங்கிரஸைவிடக் குறைந்த சதவீதம் வாங்கிய கட்சி ஆட்சியைப் பிடித்தது எப்படி என்று குழம்புகிறவர்கள் முதல் நெடுவரிசைக்குத் திரும்பினால் போதும். காங்கிரஸ் நின்றது 232 தொகுதிகளில், திமுக நின்றது 174இல். மற்ற இடங்களை அண்ணா சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் என்று கூட்டணிக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். போட்டியிட்ட இடங்களை மட்டும் கணக்கிட்டால் திமுகவின் விகிதம் பாதிக்கு மேல் போய்விடும், காங்கிரஸுடையது ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். காமராஜர் விருதுநகரில் 1,285 வாக்கில் தோற்றதைத்தான் இன்றுவரை பேசுகிறோம். அந்தத் தேர்தலின் கணக்கு இந்த இரண்டு நெடுவரிசைகளுக்குள் இருக்கிறது.

2006 இன்னும் தெளிவான உதாரணம். அதிமுக 32.64 சதவீதம், திமுக 26.46. இதை மட்டும் பார்த்தால் ஜெயலலிதா வென்றிருக்க வேண்டும். அதிமுக நின்றது 188 இடங்களில், வென்றது 61. திமுக 132இல் நின்று 96 வென்றது. நின்ற இடங்களில் திமுக 45க்கு மேல், அதிமுக 40ஐ ஒட்டி. 2001இல் இதன் தலைகீழ்: அதிமுக 31.44, திமுக 30.92 என்று அரை சதவீத வித்தியாசம், இடங்களோ 132க்கு 31. அதிமுக பக்கம் தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்), காங்கிரஸ், பாமக, இடதுசாரிகள் சேர்ந்திருந்ததும், திமுக பெயரில் 183 தொகுதிகளில் வேட்பாளர்கள் நின்றதும் சதவீத நெடுவரிசையில் தெரியாது. அறிக்கையில் கூட்டணி என்ற சொல்லே கிடையாது. அந்தப் பட்டியலை அன்றைய நாளிதழ்களைப் பார்த்து நாமே தயாரித்து, கட்சிகளின் வாக்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் வரையும் எந்த வரைபடமும் வீண்.

அடுத்த சிக்கல் கட்சிப் பெயர்கள். ஆணையத்துக்குக் கணக்கு சின்னத்தை வைத்துத்தான். 1957இல் முதன்முதலாகத் தேர்தலில் நின்ற திமுகவுக்கு அங்கீகாரம் இல்லை. காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி என்று வென்றவர்கள் எல்லாம் அறிக்கையில் சுயேச்சைகள். திமுக வரிசையை அந்த ஆண்டில் தேடினால் கிடைக்காது. வேட்பாளர் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். 1971இல் இந்திரா காங்கிரஸ் சட்டமன்றத்துக்கு ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் என்சிஓ என்ற சுருக்கத்தில் வந்து 15 இடம் வென்றது. காங்கிரஸின் வழக்கமான சுருக்கமான ஐஎன்சி என்ற எழுத்தை மட்டும் வடிகட்டினால் காங்கிரஸின் வரலாற்றில் 1971இல் பள்ளம் விழும். 1989இல் இரட்டை இலை முடங்கி, ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. இரண்டும் தனித்தனி வரிசைகள், 27 இடமும் 2 இடமும். அதிமுகவுக்கே பழைய அறிக்கைகளில் ஏடிகே, பிந்தையவற்றில் ஏடிஎம்கே என்று சுருக்கம் மாறுகிறது. கணினியில் சேர்ப்பவர் இரண்டையும் ஒன்றாக்காவிட்டால் எம்.ஜி.ஆர் ஒரு கட்சியையும் ஜெயலலிதா வேறொரு கட்சியையும் நடத்தியது போல ஆகிவிடும்.

கடன் வாங்கிய சின்னம் இன்னொரு தொல்லை. 2001இல் விடுதலைச் சிறுத்தைகள் உதயசூரியனில் நின்றார்கள், கடலூர் மாவட்டத்து மங்களூரில் திருமாவளவன் வென்றார். அறிக்கையில் அது திமுக வெற்றி. 2021இல் திமுகவுக்கு 133 என்று இருப்பதில் உதயசூரியனில் நின்ற மதிமுகவின் 4 பேரும் அடக்கம். கட்சியின் வளர்ச்சியை அளப்பவர்கள் இதைக் கழிக்க வேண்டும், சட்டமன்றக் கணக்கு பார்ப்பவர்கள் கழிக்கக் கூடாது.

முதல் இரண்டு அறிக்கைகளை இரட்டை உறுப்பினர் தொகுதி தெரியாமல் தொடக் கூடாது. 1952இல் 309 தொகுதிகள், 375 உறுப்பினர்கள். 66 தொகுதிகளில் இருவர் இருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால்தான் இந்த வித்தியாசம். 1957இல் 167 தொகுதிகள், 205 உறுப்பினர்கள். இந்த இரட்டைத் தொகுதிகளில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது, ஒன்று பொது. வாக்காளருக்கு இரண்டு வாக்கு, இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. ஆக, வாக்குகளின் கூட்டுத்தொகையை வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தால் 100ஐத் தாண்டும் அபத்தமான பதிவு விகிதம் வரலாம். இரண்டால் வகுத்தால் ஓரளவு சரியாகும். ஆனால் எல்லோரும் இரண்டு வாக்கையும் போடவில்லை என்பதால் அதுவும் உத்தேசம்தான். வாக்கு வித்தியாசம் என்ற கருத்தே இங்கே பொருந்தாது. ஒதுக்கீட்டு இடத்தை நிரப்பிய பிறகுதான் பொது இடத்துக்கு அடுத்த அதிக வாக்கைப் பார்ப்பார்கள். 1961இல் சட்டம் போட்டு இந்த முறையை ஒழித்தார்கள். 1962 அறிக்கையிலிருந்து நிம்மதி.

நிலமும் இடம்மாறிக்கொண்டே இருந்தது. 1952 அறிக்கையில் காங்கிரஸ் 152, கம்யூனிஸ்ட் 62 என்று இருப்பதை இன்றைய தமிழகத்தின் முடிவாக எடுத்துக்கொண்டால் பெரிய தப்பு. அது ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் சேர்ந்த கூட்டு மாகாணம். தமிழ் மாவட்டங்களைத் தொகுதிவாரியாகப் பிரித்தெடுக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு 1952, 1954 முடிவுகள் இந்தப் பக்கமே இல்லை. திருவிதாங்கூர் கொச்சி அறிக்கையைத் திறக்க வேண்டும், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய திருத்தமிழர் போராட்டத்தை முன்னெடுத்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸை அங்கேதான் பார்க்க முடியும். திருத்தணி 1952இல் சென்னை அறிக்கையில், 1955இல் ஆந்திர அறிக்கையில், 1960இல் எல்லை மாறியபின் மறுபடி இங்கே. 205 இடம் 206 ஆனது அந்த எல்லை மாற்றத்தால்தான். 1967இல் 234 ஆனது, அதன்பிறகு மாறவில்லை.

எண்ணிக்கை மாறாவிட்டாலும் எல்லைகள் மாறின. ஒரே தொகுதியைப் பல தேர்தல்களில் ஒப்பிட வேண்டுமென்றால் பாதுகாப்பான கட்டங்கள் மூன்று: 1967 மற்றும் 1971, 1977 முதல் 2006 வரை, 2011 முதல் இன்றுவரை. கட்டம் தாண்டினால் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊர்கள் வேறு. எம்.ஜி.ஆர் வென்ற பரங்கிமலை 1977இல் பட்டியலிலேயே இல்லை, அந்த இடத்தில் ஆலந்தூர். சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் 2011இல் ஒரே தொகுதி. தொகுதி எண்ணை வைத்து இணைப்பது இன்னும் மோசம், மறுவரையறையில் அது முழுக்கக் குலைந்துவிடும்.

வாக்காளர் அட்டவணையில் மூன்று தேதிகளை ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும். 1989 ஜனவரித் தேர்தல் 21 வயது, 1991 தேர்தல் 18 வயது. இடையில் வாக்காளர் பெருகியதற்கு மக்கள்தொகை மட்டும் காரணமல்ல. 2001இல் 234 தொகுதிகளிலும் மின்னணு எந்திரம் வந்ததால் செல்லாத வாக்கு நெடுவரிசை திடீரென வற்றிப்போகிறது. 2016 முதல் சட்டமன்ற அறிக்கையில் நோட்டா ஒரு வேட்பாளர் போல வரிசையில் நிற்கிறது. டெபாசிட்டுக்கான ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும்போது அதைச் செல்லுபடியான வாக்கில் சேர்க்கக் கூடாது.

மொத்தக் கூட்டல் ஒத்துவராவிட்டால் தள்ளிவைக்கப்பட்ட தொகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1989இல் மருங்காபுரியும் மதுரை கிழக்கும் மார்ச்சில்தான் வாக்களித்தன. 2016இல் பணப்பட்டுவாடா புகாரால் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நவம்பர் 19க்குப் போயின. அதிமுகவுக்கு மே மாதம் 134, அதன்பின் 136. எந்த எண்ணை எழுதினாலும் 232க்கா 234க்கா என்று சேர்த்து எழுதினால் சண்டை வராது. 1996 மொடக்குறிச்சி தனிக் கதை. விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட மனுத் தாக்கல் செய்ததில் 1,033 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சானது, தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனது. 88 பேருக்கு ஒரு வாக்குகூட இல்லை. தன் வாக்கையே தனக்குப் போடாதவர்கள்! அந்த ஒரு தொகுதி மட்டுமே தொகுதிக்குச் சராசரி வேட்பாளர் எண்ணிக்கையை 4க்கு மேல் ஏற்றிவிடும், சராசரி எடுக்கும்போது அதை விலக்கிவிட்டு அடிக்குறிப்பு போடுவது நல்லது. அந்த ஆண்டே டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது, எனவே 2001க்குப் பிந்தைய வேட்பாளர் எண்ணிக்கையை 1996ஓடு அப்படியே ஒப்பிட முடியாது.

பயன்படுத்தும் வசதியில் மதிப்பெண் குறைகிறது. பழைய பிடிஎஃப்களிலிருந்து அட்டவணையை நகலெடுத்தால் நெடுவரிசைகள் குலைந்து, பெயரின் பாதி அடுத்த கட்டத்துக்குப் போகும். ஒவ்வொரு தொகுதியிலும் வாக்குகளைக் கூட்டி, அறிக்கையின் செல்லுபடியான வாக்கோடு ஒத்துப்பார்த்த பிறகே மேலே போக வேண்டும். பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும். இனிஷியல் ஓர் ஆண்டில் முன்னால், இன்னோர் ஆண்டில் பின்னால். ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணாமல் இருக்க பெயரோடு தொகுதி, கட்சி இரண்டையும் சேர்த்துப் பொருத்துவதே வழி. இடைத்தேர்தல்கள் இதில் இல்லை, தனியே தேட வேண்டும்.

எண்களின் நம்பகத்துக்கு ஐந்துக்கு நாலரை, வசதிக்கு இரண்டரை. கட்சியின் மொத்த வாக்கு, வாக்கு வித்தியாசம், டெபாசிட் இதெல்லாம் வேண்டுபவருக்கு இதைவிட்டால் வேறு இல்லை. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று பார்க்க வேண்டியவர்கள் இதில் நேரத்தை வீணாக்காமல், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் அண்மைத் தேர்தல்களுக்குக் கிடைக்கும் படிவம் 20ஐ எடுத்துக்கொள்ளட்டும். வாக்குச்சாவடி எண் வாரியாக ஒவ்வொரு வேட்பாளரின் வாக்கும் அதில் இருக்கும். தபால் வாக்கு மட்டும் சாவடியோடு சேராமல் கடைசியில் தனி வரியாக வரும், கூட்டும்போது அதை விட்டுவிட வேண்டாம்.